அக்கரையில் இருக்கும் சாவி

அனுப்புநர்
தையல்காரி,
செயலாளர், வெள்ள மீட்புக் குழு,
ஆற்றின் தென்கரைக் கிராமம்.

பெறுநர்
பேரிடர் மேலாண்மை அலுவலர் அவர்கள்,
வடகரை நகரம்.

பொருள்: வெள்ளப் பாதுகாப்புக் கட்டடத்தின் பூட்டை உடைத்த என் கொழுந்தனார் மீதான புகாரைத் திரும்பப் பெறவும், புதுப் பூட்டின் சாவி ஒன்றை எங்கள் கரையில் வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு பெருகினால் முதலில் முழுகுவது எங்கள் ஊர். ஆகவே, தங்கள் அலுவலகம் சொன்னபடி ஊரே சேர்ந்து மீட்புக் குழு அமைத்தோம். தண்ணீர் ஏறுவது தூரத்திலேயே தெரியும்படி கரையோரக் கம்பங்களுக்குச் சிவப்புத் துணியில் கொடிகள் தைத்துக் கொடுத்தது நான்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் தூக்குவது என்றும் பேசி முடித்தோம். வேலித் தகராறில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு வீடுகள் உண்டு. ஒரு வீட்டுப் பெரியவரைத் தூக்கும் பொறுப்பு மற்ற வீட்டு மகனுக்கு வந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

2. ஒத்திகைகளை ஒவ்வொரு முறையும் தாங்களே வந்து பார்த்தீர்கள். ஒரு கிடா மட்டும் மாடிப்படி ஏற மறுத்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாங்கள் வரும்போது கட்டடத்தின் காவலர் அண்ணனும் சாவியோடு வந்து கதவைத் திறந்து வைத்திருப்பார். ஆகவே அந்தச் சாவி எங்கே குடியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் அதை மட்டும் கோட்டை விட்டோம்.

3. சென்ற மழையில் சொன்னது சொன்னபடி நடந்தது. கொடிகள் முழுகியதும் மணி அடித்தோம், எல்லோரும் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது, படகும் விட முடியவில்லை. காவலர் அண்ணன் அக்கரையில் நனைந்தபடி நின்று சாவியைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்க்க முடிந்ததே தவிர வாங்க முடியவில்லை. படியில் தண்ணீர் ஏற ஏறப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். காவலர் அண்ணன் தொலைபேசியில், "யோசிக்காதீங்கம்மா, உடைச்சிடுங்க!" என்று கத்தினார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தனார் இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போய்ச் சுத்தியலும் கடப்பாரையும் கொண்டுவந்து பூட்டை உடைத்தார். வேலி வீட்டுப் பெரியவர் உட்பட அனைவரும் பிழைத்தோம். அவரைத் தோளில் சுமந்து மாடியேறியவன் அன்று முணுமுணுக்கவில்லை.

4. வெள்ளம் வடிந்ததும் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, பூட்டை உடைத்தது யார் என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நம்பி, கூடியிருந்த அனைவரும் ஒரே குரலில் என் கொழுந்தனார் பெயரைச் சொன்னோம். தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொன்னோம். புதுப் பூட்டு வாங்க வேண்டுமானால் பழையதை உடைத்தவர் மேல் புகார் இருக்க வேண்டும் என்பது விதி என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவர் அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியவராகக் காவல் நிலையத்துக்கு அலைகிறார். பட்டறை பாதி நாள் மூடிக் கிடக்கிறது. எங்கள் வாயாலேயே அவரை மாட்டிவிட்டோம் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா.

5. தங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. எங்கள் ஊரைக் கணக்கில் எடுத்துக் கட்டடம் கட்டித் தந்தவர் தாங்கள். உள்ளே இருக்கும் பாயும் விளக்கும் களவு போகக் கூடாது என்பதும் நியாயமே. சாவிக்கு ஊரே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கிறோம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நாங்கள் அணை கேட்கவில்லை.

6. புதுப் பூட்டு வந்துவிட்டது. பழையதைவிடப் பெரியது, நல்ல உறுதி. அதன் சாவியும் அக்கரையில்தான் இருக்கிறது. பூட்டை உடைக்கும் கருவிகள் எங்கள் ஊரில் ஒருவரிடம்தான் உண்டு. அவர் நேற்று என்னிடம், "அண்ணி, இனிமே அந்தக் கதவுகிட்டயே நான் வரமாட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஐயா, புகாரைத் திரும்பப் பெற விதிப்படி நாளாகும் என்றால் காத்திருக்கிறோம். சாவியை மட்டும் இம்மனுவைப் படித்த கையோடு அனுப்பி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போதே முதல் கொடி நனைந்துகொண்டிருக்கிறது.

இடம்: தென்கரை
நாள்: மழை தொடங்கிய திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தையல்காரி, குழுவுக்காக