கோட்டைக் கிணற்றுத் தண்ணீர்

மச்சான்,

உங்கள் பித்தளைக் கூஜா என் மேஜையில், லாரிச் சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த வாசனை இன்னும் போகவில்லை. நேற்று உங்கள் கருமாதி முடிந்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது உங்கள் வீட்டுக்கார அக்கா அதில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். "வழிக்கு ஆகும் தம்பி. திருப்பிக் கொண்டார வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க" என்றார். தெரிந்து கொடுத்தாரா, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கூஜாவை வைத்துத்தான் நீங்கள் என் உத்தியோகத்தைக் கெடுத்தீர்கள் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். உங்களைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வரலாற்றில் எம்.ஏ.வும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு, சங்ககிரியில் லாரி ஆபீஸில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தரங்கம்பாடியில் ஒரு உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். வீட்டில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அவசரப்படாதீங்க மாப்ள. ஒரு எட்டு போயித் தண்ணியப் பாத்துட்டு வந்தரலாம்" என்றீர்கள்.

தண்ணீர் பார்ப்பது உங்கள் வழக்கம். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பீர்கள், ஜாதகம் அப்புறம்தான். தண்ணீர் சப்பையாக, உப்புக் கரித்தால் அந்த இடம் தட்டிப்போய்விடும். எங்கள் கிணறு தேறியதால்தான் நானும் தேறினேன். எம்.ஏ.வைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

மாயவரத்தில் இறங்கி அந்தச் சின்ன ரயிலைப் பிடித்தோம். இப்போது அதையும் நிறுத்திவிட்டார்கள். பார்க்க வேண்டிய இடங்களை நான் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்: டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாசல், கோட்டை, பழைய தேவாலயம், கடலோரத்துச் சிவன் கோயில். உங்களிடம் காகிதம் இல்லை. வீட்டுத் தண்ணீர் நிரம்பிய கூஜா இருந்தது.

நகர வாசலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். "வாசல் இருக்குது, மதில் எங்கீங்க மாப்ள?" என்றீர்கள். மதில் இடிந்துபோய் ரொம்ப காலம் ஆகிறது, முந்நூறு வருஷத்து வரலாறு என்று நான் ஆரம்பித்தேன். "மதிலு போனப்புறமும் வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கறானுக பாருங்க" என்றபடி நீங்கள் உள்ளே நடந்துவிட்டீர்கள். அந்தத் தெரு மாதிரி நேரான தெருவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய தூண் வைத்த வீடுகள், பாதி பூட்டிக் கிடந்தன. தெருக்கோடியில் வானம் மட்டும் தெரிந்தது. இந்தத் தெருவில் ஒரு வீடு பிடித்து, காலையில் குடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதாக நினைத்துப் பார்த்தேன். அதே நேரத்தில் நீங்கள் வீடுகளின் பின்கட்டை எட்டிப் பார்த்துக் கிணறு தேடிக்கொண்டிருந்தீர்கள்.

தெரு முடிந்ததும் கடல். முதல் தடவையாகப் பார்க்கிறீர்கள். ஏதாவது பெரிதாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

"இத்தன தண்ணி இருக்குது, ஒரு பாத்திக்குக் கட்ட முடியாதுங்களே மாப்ள."

சிவன் கோயிலின் முன்பாகத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. மண்டபத்துக் கற்கள் அலைக்குள் கிடந்தன. நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டீர்கள். திரும்பும்போது, "சாமியவே உட்டு வெக்கல. நம்ம புள்ளைய இங்க எப்படி உட்டுட்டுப் போறது" என்றீர்கள். நான் இருக்கிறேனே என்ற பதில் என்னிடம் இருந்தது. பெண்டாட்டியின் அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் கோட்டை. அப்போது அதற்குள் சர்க்கார் பங்களா இருந்தது. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். மாடியில் நின்றால் மூன்று பக்கமும் காற்று. நான் மேலே நின்று பீரங்கி வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே நீங்கள் கோட்டைக்குப் பின்னாலிருந்த கிணற்றில் வாளியை இறக்கினீர்கள். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினீர்கள். அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது.

"ஏனுங்க, தண்ணி இப்படித்தானுங்களா?" என்று காவல்காரரைக் கேட்டீர்கள்.

"கெணத்துத் தண்ணியெல்லாம் இங்க இப்படித்தாங்க" என்றார் அவர்.

அப்படியானால் குடிப்பதற்கு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூஜாவிலிருந்த நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, கோட்டைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மூடியைத் திருகினீர்கள்.

அந்த ஊரில் செய்வதற்கு அதிகம் இல்லை, மச்சான். விடிந்ததும் கட்டுமரங்கள் கரையேறுவதைப் பார்க்கலாம். மீன் ஏலம் கூவுவதைக் கேட்கலாம். வெயில் ஏறுமுன் ஈரமணலில் வடக்கே நடக்கலாம். மறுநாள் நீங்கள் சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் இவ்வளவும் செய்தேன். இதை நீங்கள் அறிய மாட்டீர்கள்.

அப்படி நடந்தபோது, கோயிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு அம்மாள் மணலில் தோண்டிய ஊற்றுக்குழியில் குனிந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்ததைக் கண்டு, "என்ன தம்பி, தாகமா? கைய நீட்டுங்க" என்றார். குடித்தேன். நம் பக்கத்து எந்தக் கிணற்றிலும் அப்படி இனித்ததில்லை.

"கடல் பக்கத்துல இவ்வளவு நல்ல தண்ணியா?"

"கெணத்தத் தோண்டிப்புட்டு உப்பு உப்புன்னா? மணல்ல கையால நோண்டணும். ஊரே இதத்தான் குடிக்குது. வாத்தியாருங்க வூட்டுக்கெல்லாம் நாந்தான் கொண்டு போயி ஊத்துறேன்."

"நானும் வாத்தியாரா வரப்போறேன்" என்றேன்.

"அப்ப ஒங்க வூட்டுக்கும் ஊத்துனாப் போச்சு" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஊரில் எனக்கு வேலை உண்டு என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் வீட்டுக்கு வந்ததும் நடுவாசலில் கூஜாவை வைத்தீர்கள். ஆளுக்கு ஒரு வாய். உங்கள் அம்மா துப்பினார். சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "இதக் குடிச்சு எம் புள்ள பேறுகாலம் பாக்கோணுமா?" என்று உங்கள் அம்மா அழுதார். "நாஞ் சொல்லுலீங்க, தண்ணி சொல்லுது" என்றீர்கள் நீங்கள். கடைசியில் கூஜா உங்கள் தங்கையிடம் வந்தது. அவள் குடித்துவிட்டு, துப்பாமல் விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொன்னால் அவள் கிளம்பத் தயார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

மணல் ஊற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நீங்கள் யார் என் பிழைப்பைத் தீர்மானிக்க என்று எனக்குக் கோபம். தீர்மானித்தவர் நீங்களாகவே இருக்கட்டும், பழியும் உங்களுடையதாகவே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். வரலாறு படித்தவன் சாட்சியத்தை மறைத்தேன். பதினைந்தாம் நாள் கழிந்தது. நான் சீட்டு எழுதப் போனேன். சங்ககிரி போய் நாமக்கல் ஆனது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு உங்கள் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. விருந்தென்றாலும் நோம்பி என்றாலும் மோர்தான் கேட்பேன். நீங்கள் காரணம் கேட்டதில்லை. நான் படியேறும் முன்பே, "மாப்ளைக்கு மோர் கொண்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். என் கோபத்துக்கு நீங்களே தயிர் உறைய வைத்தீர்கள்.

நேற்றும் அக்கா பழக்கத்தில் மோரோடு வந்தார். "இன்னைக்குத் தண்ணி குடுங்கக்கா" என்றேன். மோரைத் திண்ணையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். மழை பொய்த்த வருஷங்களில் கிணற்றுக்குள் போர் இறக்கினீர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தண்ணீர் எப்படி ஆனது என்று கேள்விப்பட்டிருக்கவில்லை. சப்பை, மச்சான். கோட்டைக் கிணற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒவ்வொருக்காவும் நீங்க போனப்புறம் கேப்பாருங்க தம்பி, மாப்ள தண்ணி குடிச்சாரான்னு. நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

தண்ணீரைப் பற்றி உங்கள் வீட்டில் நான் உண்மையை மறைத்தது இது இரண்டாவது முறை. இதற்காக வருத்தப்படவில்லை. முதல் முறைக்கு இருவருக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பங்கை இன்னும் உங்கள் பேரில்தான் வைத்திருக்கிறேன்.

கூஜாவில் முக்கால் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஆபீஸ் பானையில் நல்ல தண்ணீர் இருக்கிறது. இன்று மத்தியானச் சோற்றுக்கு இதைத்தான் ஊற்றிக் குடித்தேன். கரிக்கிறது, மச்சான்.