புழு கொடுக்காத ஆறு குட்டிகள்

செப். 8, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சீரம் சோதனை. ஆட்டுக்குட்டி பன்னிரண்டு. ஆறுக்கு சோதனைக்காக நானே வயிற்றுப்புழு கொடுத்திருந்தேன். மற்ற ஆறுக்கு இல்லை, ஒப்பிட மட்டும். புழுவை எதிர்த்து ஆன்டிபாடி ஊறியிருந்தால் சோதனைத் தட்டில் மஞ்சள் வரும். கொடுத்த ஆறும் மஞ்சள். கொடுக்காத ஆறும் மஞ்சள்.

சாம்பிளை மாற்றி வைத்துவிட்டேனோ? மெஸ்ஸில் தக்காளி சாதம். ஷாம்பு வாங்க வேண்டும்.

செப். 9, செவ்வாய்

மறுபடி செய்தேன். அதே மஞ்சள். கொடுக்காத ஆறின் புழுக்கையையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். புழு முட்டை! பிறந்ததிலிருந்து சிமெண்ட் தரை, காய்ந்த தீவனம். எங்கிருந்து வந்தது?

கைடு சார் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "அடுத்த ஈத்துக் குட்டிங்கதாம்மா. மொதல்ல இருந்து."

என் பி.எச்டி.யில் ஒரு வருஷம் போச்சு.

கொட்டில் பார்க்கும் சரசு அக்காவிடம் கத்தினேன், பச்சைப்புல் போட்டீர்களா என்று. "நானுங்களா? ஒரு இணுக்குப் போட்டதில்லீங்க டாக்டரம்மா." முகம் சுண்டிவிட்டது. நான் நம்பவில்லை.

செப். 10, புதன்

தூறல். சரசு அக்கா வரவில்லை. நானே அந்த ஆறு குட்டிகளின் கொட்டிலைக் கூட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காய்ந்துபோன புல்பிரி ஒன்று. புல்லையே முறுக்கி, முனையில் இரட்டை முடிச்சு. மோகனூரில் என் அப்பா புல்கட்டை அப்படித்தான் கட்டுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். போன் போட்டேன்.

"ஏம்ப்பா, அன்னிக்கு வந்தப்ப குட்டிகளுக்குப் புல்லு போட்டீங்களா?"

"ஆமா சாமி. பச்சையே கண்டதில்ல, பாவம்னு நீதான போன்ல சொன்ன. நம்ம பட்டியாடு மேயற வரப்புல ஈரத்தோட அறுத்தாந்தேன். நீ ரத்தம் எடுக்கற ரூமுல இருந்த. கம்பிக்கு மேலால போட்டேன். என்னமாத் தின்னுச்சுக."

ஈரப்புல். ஆடு மேய்ந்த வரப்பு. புழுக்குஞ்சு ஏறி நிற்கிற இடமே அதுதான். ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

சரசு அக்காவின் முகம்தான் முன்னால் வந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது?

"ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழம இன்னொரு கட்டு கொண்டாரட்டுமா?"

சோதனைக்கு இனி அடுத்த ஈத்துதான்; அதுகள் எதைத் தின்றால் என்ன.

"கொண்டாங்கப்பா" என்றேன்.