மகளுக்கு மட்டும் வைக்காத கண்ணாடி

இன்று காலை செவிலிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முகூர்த்த ஜாக்கெட்டின் முதுகு முழுக்கக் கண்ணாடி வைத்துத் தர வேண்டுமாம். சில்லுகளைத் துணியில் கொட்டியதும் கடைச் சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டுகள் ஆடின. அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். உன்னைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பெண்களுமாய்த் தையல் கடை நடத்திய காலத்தில் வெட்டித் தைப்பது நான், கண்ணாடி வேலை நீ. கண்ணாடியில் ஊசி ஏறாது. மேலே குறுக்கும் நெடுக்குமாய் நூலைப் போட்டு, பிறகு சுற்றிலும் தைத்து இறுக்க வேண்டும். எனக்கு எப்போதும் நழுவும். "அமுக்கிப் புடிக்காதபா, நூலே புடிச்சிக்கும்" என்பாய். பட்டு எடுக்க வரும் வெளியூர்க்காரர்கள்கூட ஜாக்கெட் துணியை உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

உன் வீட்டுக்காரர் போன பிறகும் நீ கல்யாண ஜாக்கெட்டுகளை விடவில்லை. தாலி இழந்தவள் முகூர்த்தத் துணியைத் தொடலாமா என்று கேட்ட ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பினாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதே நீ, உன் மகளுக்கு நாள் குறித்ததும் அவள் ஜாக்கெட் துணியை என் மடியில் போட்டாய்.

"என் கை இதுல படவேணாம்பா. நீயே போட்டுடு."

ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒன்றா என்று சண்டை போட்டேன். நீ பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்து என் கோணல் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சில்லு நழுவியபோது எடுக்க நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாய். அவ்வளவு பயம் உனக்கு. வேலை முடிவதற்குள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தாய்.

காரியம் முடித்து, குறித்த நாளிலேயே கல்யாணத்தை வைத்தோம். மண்டபத்து அறையில் உன் மகள் ஜாக்கெட்டை மடியில் விரித்து ஒவ்வொரு கண்ணாடியாய்த் தடவினாள்.

"இதுல அம்மா போட்டது எது பெரிம்மா?"

ஒன்றுகூட இல்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஊருல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் போட்டாங்களே."

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணமேடைக்குப் போனாள். நானும் அட்சதை போட்டுவிட்டு வந்தேன்.

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. நீ போய்விட்டாய். அந்த வார்த்தையை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.