நாற்பத்தோராம் கேள்விக்கு ‘இல்லை’

14-3-1988, திங்கள்

மூன்றாவது தடவையில் கெர்னல் சரியாகச் சேர்ந்தது. கம்ப்யூட்டரை நடத்துகிற யூனிக்ஸின் அடிமரம் அதுதான். அதைக் கட்டுவதற்கு முன் மெஷின் வரிசையாகக் கேட்கிறது: இந்தக் கார்டு இருக்கிறதா, அதை இயக்குகிற நிரலான டிரைவர் வேண்டுமா? ஆமாம் என்றால் y, இல்லை என்றால் n. மொத்தம் அறுபத்து மூன்று கேள்விகள்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து மில் டைரக்டர்கள் வருகிறார்கள். அதற்குள் மானேஜர் ஆறுமுகச்சாமிக்குத் தன் அறையில் ஒரு டெர்மினல் ஓட வேண்டும். இரண்டு மெகாபைட் மெமரியில் நாலு டெர்மினலே திணறுகிறது. வேண்டாத டிரைவர்களை வெளியே தள்ளினால்தான் இடம் கிடைக்கும்.

நாற்பது கேள்வி வரை கையேட்டைப் பார்த்துத்தான் பதில் போட்டேன். பிறகு பொறுமை இல்லை. நாற்பத்தொன்று ஏதோ ஒரு கார்டு. தனக்குள்ளேயே ஃபர்ம்வேர் என்று ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிற கார்டாம், அதோடு பேசும் டிரைவர் வேண்டுமா என்றது. கார்டுக்குப் பெயர் இல்லை, எண்தான். நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று என்று நினைத்து n போட்டேன். பயன்படாத சாதனங்களின் பெயர்களை அழிக்கட்டுமா என்றும் கேட்டது. y.

கெர்னல் நன்றாக மெலிந்துவிட்டது. ஐந்து டெர்மினலும் பறக்கின்றன. மானேஜர் தோளில் தட்டினார்.

17-3-1988

டைரக்டர்கள் வந்தார்கள். “உள்ளூர்ப் பையனா செய்தான்?” என்று கேட்டார்கள். ஊரில், கரிவலத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தபால் கார்டு போட வேண்டும்.

19-3-1988, சனி

மூன்று ஷிப்டு ஆட்களின் வருகையையும் மெஷினில் ஏற்றுவது சுப்புத்தாய். திருவேங்கடத்துப் பெண், டைப்பிங் ஹையர் பாஸ். சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுப்பதும் அவள்தான். இன்று வந்து நின்றாள்.

“சார், டேப் சுத்துத சத்தமே கேக்கல. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிட்டுன்னு வருது. முன்னால இருவது நிமிசம் ஆவும்லா?”

“திரையில முடிஞ்சதுன்னுதான வருது? பெறகென்ன? புது கெர்னல் வேகம்.”

“சரி சார்.”

நான் தலை நிமிரவில்லை.

2-4-1988, சனி

மறுபடியும் அதே கேள்வி. மானேஜரும் கூட இருந்தார். “நீ டைப் அடிக்க வந்தியா, இஞ்சினியர் வேல பாக்க வந்தியா?” என்றேன். மானேஜர் சிரித்தார். சுப்புத்தாய் டேப்பின் மேல் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ?

9-5-1988

சம்பள உயர்வுக் கடிதம் வந்தது.

6-6-1988, திங்கள்

காலையில், வருகைக் கணக்கெல்லாம் இருந்த டிஸ்க் போய்விட்டது. தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கையால் எழுதும் பழைய வருகைப் பதிவேடுகளை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டோம். “டேப் இருக்கு அண்ணாச்சி, ஒண்ணும் பயம் இல்ல” என்று மானேஜரிடம் சொன்னேன். புது டிஸ்க் சென்னையிலிருந்து வரும்.

15-6-1988, புதன்

புது டிஸ்கில் கம்பெனி கொடுத்த பிளாப்பிகளிலிருந்து பழைய கெர்னலையே ஏற்றினேன். டேப்பைச் செருகினேன். ஓட ஆரம்பித்ததும் அறை முழுக்க அந்த இரைச்சல். மார்ச்சுக்குப் பிறகு அதை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 12 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாலு டேப்பிலும் இல்லை.

“மூணு மாசமா என்னத்தக் கிழிச்ச?” என்று மானேஜர் சுப்புத்தாயிடம் கத்தினார்.

“வாரம் தவறாம எடுத்தேன் சார். சாரும் பாத்தாவ.”

என்னைப் பார்த்தாள். நான் டேப்பின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையெழுத்தில் வரிசையாகத் தேதிகள்.

16-6-1988

மார்ச்சில் பதில்களை அச்செடுத்து வைத்திருந்தேன். இன்று கையேட்டோடு ஒப்பிட்டேன். நாற்பத்தோராவது எண், டேப் கார்டு.

இப்போது புரிகிறது. டிரைவர் போயிற்று, டேப்பின் பெயரையும் நானே அழித்தேன். அவள் கட்டளை கொடுத்தபோதெல்லாம் மெஷின் அந்தப் பெயரில் டிஸ்க்கிலேயே ஒரு சாதாரணக் கோப்பை எழுதிவிட்டு, முடிந்தது என்று சொல்லியிருக்கிறது. மாற்றுச்சாவி செய்து அதையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. டிஸ்க்கோடு அதுவும் போயிற்று.

அந்தத் தாளைக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன்? கிழிக்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை.

18-6-1988, சனி

சுப்புத்தாயை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். உள்விசாரணை உண்டு. சாப்பாட்டுத் தூக்குவாளியோடு கேட்டைத் தாண்டிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்ல?

22-6-1988, புதன்

இது அவளோடு முடியவில்லை. தற்காலிக ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர். இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வந்திருந்தால் நிரந்தரம். அந்த நாட்களுக்கு மெஷின்தான் சாட்சி.

ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் பிச்சம்மாள் ஆபீஸ் வாசலில் நின்றாள். “காய்ச்சலோட கூட வந்தேன்யா. நான் வந்தேன்னு நான் சொன்னா போதாதா?”

போதாது என்று மானேஜர் சொன்னார். “எல்லாம் அந்தச் சுப்புத்தாய் பண்ணுன வேல.” பிச்சம்மாள் அவளைத் திட்டிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சீ, என்ன மனுஷன் நான்.

25-6-1988, சனி

மானேஜரிடம் சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்காது.

“ஏன் வே, அவ மேல போட்டுப் பேச்சு முடிஞ்சு போச்சு. இப்ப நீரு வந்து நாந்தான்னா, டைரக்டர் என்னையல்லா கேப்பாவ? என் டெர்மினலுக்குத்தான செஞ்சீரு? வாய மூடிக்கிட்டு இரும். அந்தப் பிள்ளைக்கு வேற எங்கனயாவது வேல கெடைக்கும்.”

தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

உண்மையைச் சொல்லட்டுமா? வெளியே வரும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு என்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அதிக அருவருப்பு.

3-7-1988, ஞாயிறு

திருவேங்கடம் போனேன். தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். சுப்புத்தாயின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “சார் வந்துருக்காவ, வேலைக்குக் கூப்புட வந்திருப்பாவ” என்றாள். அதைக் கேட்டதும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் சொன்னேன். நாற்பத்தோராம் கேள்வி, டிரைவர், அழித்த பெயர், டிரங்குப் பெட்டி எல்லாம். முடிந்ததும் சுப்புத்தாய் சொன்னாள்:

“எனக்குப் பைத்தியமான்னு நெனச்சேன் சார். டேப்ப போடாம போட்டேன்னு நெனைக்கேனோன்னு. பதினஞ்சு நாளா ஒவ்வொரு சனிக்கெழமையா நெனச்சுப் பாக்கேன்.”

“என்ன மன்னிச்சிரும்மா.”

“அத இங்கன வந்து ஏன் சொல்லுதிய? அங்கன சொல்லணும். மெசின் முன்னால எல்லாரும் நின்னாவல்லா, அன்னைக்குச் சொல்லியிருக்கணும்.”

அம்மா காப்பியோடு வந்தாள். சுப்புத்தாய் அதை வாங்கி, “சார் கெளம்புதாவ” என்று உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது இருபுறமும் மழைக்குக் காத்துக் கிடக்கும் கரிசல். என்னால் அழவும் முடியவில்லை.

11-7-1988, திங்கள்

விசாரணை. அதிகாரி மதுரையிலிருந்து வந்த வக்கீல். சுப்புத்தாய் ஒரு பக்கம், மானேஜர் ஒரு பக்கம். என்னைக் கம்பெனித் தரப்புச் சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள்.

“டேப் எடுப்பது யார் பொறுப்பு?”

“சுப்புத்தாய். அவங்க சரியாத்தான் எடுத்தாங்க. டேப் கார்டோட டிரைவரை நான் எடுத்துட்டேன். இது நான் போட்ட பதில்.” தாளை மேஜையில் வைத்தேன். “சத்தம் வரலன்னு அவங்க ரெண்டு தடவ சொன்னாங்க. நான் கேக்கல. ரெண்டாவது தடவ மானேஜரும் இருந்தாங்க.”

மானேஜர் எழுந்துவிட்டார். “வே, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒமக்கு?”

வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓர் எழுத்துதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

14-7-1988

இன்னும் உத்தரவு வரவில்லை. கேண்டீனில் யாரும் என் மேஜைக்கு வருவதில்லை.

20-7-1988, புதன்

உத்தரவு வந்தது. சுப்புத்தாய் மீது குற்றம் இல்லை, சஸ்பெண்டு நாட்களும் பணியாகக் கணக்கு. எனக்கு மூன்று வருஷம் உயர்வு கிடையாது. கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையக் கூடாது. பஞ்சு கோடவுனில் பேல் பொதிகளை எண்ண வேண்டும். மானேஜருக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எழுதவில்லை.

13-8-1988, சனி

மூன்று வாரமாக, கோடவுன் வேலை முடிந்ததும் கேட்டில் உட்காருகிறேன். வாட்ச்மேனின் கேட் சீட்டுகள், மேஸ்திரிகளின் பாக்கெட் நோட்டுகள், ஆட்கள் சொல்வது எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து வருகையை மறுபடி எழுதுகிறேன். முப்பத்தேழு பேருக்கு நேராகிவிட்டது. பிச்சம்மாளுக்கு மட்டும் பதினோரு நாள் எங்கேயும் இல்லை. அந்த மேஸ்திரி நோட்டு வைத்துக்கொள்ளாதவர்.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். யாரால் போயிற்று என்பதையும் சொன்னேன். “அப்ப அந்தப் பிள்ளைய நான் வஞ்சதெல்லாம்?” என்றாள். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. இன்னும் பதினோரு நாள் கூடுதலாக வேலை பார்த்தால் ஆகிவிடும் என்று அவளே எனக்குச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

5-9-1988, திங்கள்

மில் பஸ்ஸில் கூட்டம். என் பக்கத்து சீட் மட்டும் காலி. சுப்புத்தாய் ஏறினாள், பார்த்தாள், முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குத் திரும்பியதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. கேட்டில் இறங்கும்போது பின்தங்கி நின்றாள்.

“புது மெமரி வந்துருக்கு. கெர்னல் மறுபடியும் கட்டணும். ஒங்கள உள்ள விட மானேஜர்ட்ட எழுத்துல வாங்கிட்டேன், இன்னைக்கு ஒரு நாளைக்கு. அறுவத்து மூணையும் கையேட்ட வச்சுத்தான் போடணும். எனக்குப் புரியாம ஒண்ணுக்கும் பதில் போடக் கூடாது.”

“சரி” என்றேன்.

“பத்து மணிக்கு வந்துருங்க.”

பத்துக்குப் போனேன். சாயந்திரம் வரை இருபத்தாறு கேள்விகள் முடிந்திருக்கின்றன. நாளைக்கும் ஒரு நாள் அனுமதி எழுதி வாங்கி வைத்திருக்கிறாள்.