நீ எடுத்துக் கொடுத்த பெட்டிகள்

இன்று காலை எதிர் வீட்டில் புது மிக்ஸி வந்து இறங்கியது. அட்டைப் பெட்டியைப் பிரித்தவுடன், தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை தெருவைத் தாண்டி என் ஜன்னலுக்கு வந்தது. குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை நான் அழவே இல்லை. அழமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. பொங்கல் முடிந்த கையோடு ஒரு கல்யாண மண்டபத்தில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி போட்டார்கள். கலர் டிவி, டூ இன் ஒன் டேப் ரெக்கார்டர், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று மண்டபம் நிறைய ஸ்டால்கள். கண்காட்சி முடியும்வரைக்கும் மட்டும் விற்பனைக்கு ஆள் எடுத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே, ஐம்பத்தைந்து வயதில், கஞ்சி போட்ட புடவையும் நெற்றியில் விபூதியுமாக மிக்ஸி ஸ்டாலில் நான். பக்கத்தில் அயர்ன் பாக்ஸுக்கும் ஃபேனுக்கும் நடுவே, முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நீ. உங்கள் லப்பைக்குடிக்காட்டுப் பெண்கள் வந்தால் கூச்சமில்லாமல் பேச ஒரு ஆள் வேண்டும் என்று கண்காட்சி நடத்திய முதலாளி உன்னை வைத்திருந்தார்.

நான் ஏன் அங்கே நின்றேன் என்பது உனக்குத் தெரியும். என் கணவர் இறந்ததும் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அரியலூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மீன்சுருட்டியிலிருந்து அண்ணன் வந்து, "தனியா இருந்து என்ன பண்ணப் போற? அங்க வந்துரு. உங்க அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார். அந்த ஒத்தாசை எனக்குத் தெரியும். அதே வீட்டு அடுப்படியில் கணவரை இழந்து வந்த என் பெரியம்மா ஒருத்தி கிழவியாகிச் செத்ததைப் பார்த்தவள் நான். கண்காட்சியில் நன்றாக விற்கும் ஒருவரைத் தன் அரியலூர் ஷோரூமில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைத்தால் என் வீடு எனக்கு. இல்லாவிட்டால் மீன்சுருட்டி.

விற்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஆங்கிலத்தில் இருந்த வாரண்டியை வரி விடாமல் தமிழில் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் அரைத்துக் காட்டி, ஜாரைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் பேசினேன். "அக்கா பேசுனா மிக்ஸியே எழுந்து நிக்குது" என்று நீ கேலி செய்தாய்.

இரண்டாம் நாள் உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகளுக்குச் சீர். எல்லாம் கேட்டு, பிடித்துப்போய், வாங்கியும் விட்டார்கள். பெட்டியைத் தூக்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவளுடைய அம்மா குறுக்கே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மொதச் சீரு இது. வேற யாராச்சும் சுமங்கலியா எடுத்துக் குடுத்தா தேவலைங்க."

இரண்டு கையிலும் பெட்டியோடு நின்றேன். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வருவது தெரிந்தது. அதற்குள் நீ வந்துவிட்டாய். "குடுங்கக்கா" என்று வாங்கி, வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லி, அந்தப் பெண்ணின் கையில் வைத்தாய்.

"நெறைஞ்ச வூடா இருக்கட்டும் தங்கச்சி. அரைக்க அரைக்க அள்ளி வெக்கணும்."

"எந்த ஊரு தாயி?" என்றாள் அந்த அம்மா. ஊரைச் சொன்னாய். "லப்பைக்குடிக்காடாம். புருசன் வெளிநாட்டுல இருப்பாரு. நல்ல கையி" என்று தன் கணவரிடம் சொல்லிக்கொண்டே போனாள். நீ முக்காட்டைச் சரிசெய்தாய்.

முதலாளிக்குச் சந்தோஷம். "இது நல்லாருக்கே! அம்மா பேசட்டும், நீங்க எடுத்துக் குடுங்க."

"அக்கா வாயி, நான் கையி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சம்பளம்னு சொல்லிராதீங்க மொதலாளி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த அம்மாவைவிட உன்மேல்தான் அன்று கோபம்.

உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தாய். "எலுமிச்சஞ்சோறுங்கக்கா. புதுச் சட்டியில செஞ்சது. கறி பட்ட சட்டி இல்ல." தினமும் அதே சோறு. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு எலுமிச்சஞ்சோறு அவ்வளவு பிடிக்குமா?"

"எனக்கா? உங்களுக்காகத்தானே! நெத்தியில விபூதியப் பாத்து, சைவம்னு…"

"யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது."

"அட அல்லாவே! நாக்கு செத்துப்போயில்ல கெடக்குறேன் நான்!"

கணவர் போன பிறகு நான் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என் வாயில் 'நீங்கள்' போய் 'நீ' வந்ததும் அன்றைக்குத்தான். அடுத்த நாள் நீ கொண்டுவந்த கறிக்குழம்பை மண்டபத்து மேடைக்குப் பின்னால், தெர்மாகோல் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கண்காட்சி முடிகிற நேரத்தில்தான் அது நடந்தது. ஜெயங்கொண்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு நீ மிக்ஸியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஃபேன் பார்க்க வந்த உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

"அடியே, நீயா சீர் எடுத்துக் குடுக்குறே? ஒம் மாப்புள மவுத்தாகி நாலு வருசமாச்சே!"

அவள் கெடுதலாகச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டாள், அவ்வளவுதான். ஆனால் கல்யாணப் பெண்ணின் அம்மா மகளின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "நீயும் தாலியறுத்தவதானா? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் பொண்ணு வாழ்க்கையில ஏன் வெளையாடுற?"

"நீங்க கேக்கலீங்களே" என்றாய், மிக மெதுவாக.

முதலாளி உன்னை அந்த நிமிஷமே கிளம்பச் சொன்னார். நீ போனால் நானும் போய்விடுவேன் என்று அவரிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாய்.

"அக்கா, வாயை மூடுங்க." என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை. "எனக்கு வூடு இருக்கு. அவரு சம்பாரிச்சுக் கட்டுன வூடு. வேலை போனாலும் எங்கூட்டுல போயிப் படுத்துக்குவேன். உங்களுக்கு மீன்சுருட்டிதான் இருக்கு. பேசாம இருங்க."

"என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா குடுக்க விட்டுருப்பீங்களா? எங்க வூட்டுக் கல்யாணத்துலயும் என்னைத் தள்ளித்தான் ஒக்கார வெக்கிறாங்க. இங்க அந்தப் புள்ளைங்க ரெண்டு கையையும் நீட்டி வாங்குச்சுங்க. நல்லாருந்துச்சுக்கா."

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டாய். ஷோரூம் வேலை எனக்குக் கிடைத்தது.

அங்கே நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். யாராவது தயங்கினால், "இந்தக் கடையில் கொடுப்பது நான். வேண்டுமானால் யோசித்துவிட்டு வாருங்கள்" என்பேன். சிலர் திரும்பிப் போனார்கள். வாங்கிக்கொண்ட ஒவ்வொரு பெண்ணிடமும் நெறைஞ்ச வூடா இருக்கட்டும் என்று உன் பேச்சிலேயே சொன்னேன். வீடு என்று திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நாம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான் சந்தித்தோம். நீ தையலுக்கு நூலும் லைனிங் துணியும் வாங்க வரும்போது முன்கூட்டியே சொல்லி அனுப்புவாய். ஒரு டீ, அரை மணி நேரப் பேச்சு. அரியலூருக்கு வா என்றால், "வூட்டப் பூட்டிட்டு எங்கக்கா வர்றது? சாவிய யாருகிட்ட குடுக்குறது?" என்பாய். சரி, நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்றால், "இருங்க, வெள்ளையடிச்சிட்டுக் கூப்புடுறேன்." எத்தனை வருடமாக வெள்ளையடிக்கிறாய் என்று கேட்டேன். "பெரிய வூடுக்கா" என்று சிரித்தாய்.

உன் அண்ணன் மகள் போன் செய்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்தேன். தெருவில் உன் வீட்டைக் கேட்டேன். உன் அண்ணன் வீட்டைக் காட்டினார்கள். உன் அண்ணன் மனைவி நல்ல மாதிரி. கையைப் பிடித்து உட்காரவைத்து டீ கொடுத்தாள். உன் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன்.

"வூடா? அவளுக்கு ஏதும்மா வூடு? மாப்புள மவுத்தானதுமே அவரு தம்பிங்க எடுத்துக்கிட்டாங்க. அப்பயிருந்து இங்கதான் கெடந்தா. எம் புள்ளைங்கள அவதான் வளத்தா. அடுப்படியும் அவதான். அவ இல்லாம எனக்குக் கையொடிஞ்ச மாதிரி இருக்கு."

நடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உன் தையல் மிஷினைக் காட்டினாள். அதன் அடியில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. இரவில் மிஷினைச் சுவரோரமாகத் தள்ளினால்தான் அந்தப் பாயை விரிக்க முடியும். நான் அளந்து பார்த்தேன்.

நான் எதற்குப் பயந்து பெரம்பலூர் மண்டபத்தில் வந்து நின்றேனோ, அந்த வாழ்க்கையை நீ ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தாய். அதிலிருந்து வெளியேற இருந்த ஒரே வாசல் உனக்கு மூடியபோது, அதை எனக்குத் திறந்து வைத்துவிட்டு, அந்த வாழ்க்கைக்குள்ளேயே சிரித்த முகத்தோடு திரும்பிப் போயிருக்கிறாய்.

என் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்று நான் குடிவந்த நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது. கிழக்குப் பார்த்த ஜன்னல், தைப்பதற்கு நல்ல வெளிச்சம். அதைத் தடுத்து வேறு யாருக்காவது விடட்டுமா என்று வீட்டுக்காரர் போன வாரம் கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன்.