உள்தாழ்ப்பாள் போடாத கதவு

புது அலமாரிகளின் பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. சன்னல்களை எல்லாம் திறந்து வைத்துப் பார்த்தாயிற்று. வாஷியில் நீ குடிபோன அன்று உன் வீட்டுக் கூடத்தில் அடித்த அதே வாசனை. அன்று நீ அதைக் கண்ணை மூடி முகர்ந்துகொண்டு நின்றாய். இன்று நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஆமாம், நானும் வீடு வாங்கிவிட்டேன். கோபர்கைரனேயில் ஒரு ரோ ஹவுஸ், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கூடத்தின் மூன்று சுவர்களுக்கும் தரையிலிருந்து மேல்தளம் வரை அளவெடுத்துச் செய்த அலமாரிகள். வாசலில் ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, இரண்டு செம்பருத்தி, சுவரோரம் கொஞ்சம் கீரை. நீ இருந்தால், "இதுக்குப் பேரு தோட்டமால? கைக்குட்டைய விரிச்ச மாதிரில்லா இருக்கு" என்றிருப்பாய்.

நாம் ஆசைப்பட்டது இதற்குத்தான். தாராவியில் உன் வீடும் என் வீடும் ஒரே சந்தில் எதிரெதிரே, ஒற்றை அறைகள். விடிந்ததும் திறக்கும் கதவு தூங்கப்போகும்போதுதான் சாத்தப்படும். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உடனே யாராவது தட்டுவார்கள்: "ஏ, உள்ள யாருக்கு என்ன சொகமில்ல?" கல்லூரித் தேர்வுக்காக நான் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தபோது சந்தே வந்து தட்டியது. கடைசியாகத் தட்டியவன் நீ. பிறகு டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னாய்: "சாவுறதுக்குள்ள ஒரு நாளாவது கதவச் சாத்திக்கிட்டு, சுத்திப் புக்கா அடுக்கி வச்சு, நடுவுல உக்காந்து படிக்கணும்ல."

எல்லாவற்றிலும் போல இதிலும் நீதான் முந்திக்கொண்டாய். மனைவி காலமாகி, மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, வாஷியில் தனியாகக் குடியேறினாய். பால் காய்ச்சிய அன்று நான் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன்: "தனியா இருக்கப்போற. சாவி ஒண்ண என்கிட்ட குடுத்து வை." நீ வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒன்கிட்ட சாவியக் குடுத்தா, நான் ஆபீஸ் போயிட்டு வாரதுக்குள்ள அலமாரி காலியாயிரும்லா!" என்றாய். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வைத்துக்கொண்டேன். உன் புத்தகங்கள் சில என்னிடம் இருந்தது உண்மைதான். என் புத்தகங்கள் அதைவிட அதிகமாக உன்னிடம் இருந்ததை அன்று ஒருவரும் சொல்லவில்லை. என் மனைவி என்னை விட்டுப் போனபோதுகூட நீ அவள் பக்கத்து நியாயத்தைத்தான் பேசினாய். அதையும் நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை.

நீ போனை எடுக்காத அந்த வாரம், நான் அப்போது குடியிருந்த திலக் நகரில் ரயிலேறி வாஷிக்கு வந்தேன். உன் கம்பிக் கதவில் செய்தித்தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக் கிடந்தன. உன் வீட்டுப் போன் எண்ணை மறுபடி அழுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்து, நின்றது. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் மகனைக் கூப்பிட்டபோது, "சாவி என்கிட்டதான் இருக்கு மாமா" என்று பெங்களூரிலிருந்து அழுதான்.

வாட்ச்மேன் ஒரு தச்சரைக் கூட்டி வந்து பூட்டை உடைக்க வைத்தார். நீ அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரையில் கிடந்தாய். விழுந்த பிறகு வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு அது ஒரு தகவல். நான் அதோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தச்சர் உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தர் ஸே கடீ நஹீ லகாயா தா, சாப்" என்றார். நீ உள்தாழ்ப்பாளைப் போடவில்லை. இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு மட்டும்தான். யார் கையிலாவது ஒரு சாவி இருந்திருந்தால் போதும்.

தனியாக இருக்கிறவன் தாழ்ப்பாளை ஏன் போடாமல் விட்டாய்? உன் மகன் மறதி என்கிறான். நீ மறக்கிற ஆள் இல்லை. எனக்கு இப்போதுதான் தெரிகிறது, நீயும் பயந்திருக்கிறாய். வருகிறவன் வந்து திறக்கட்டும் என்று தாழ்ப்பாளை விட்டுவைத்தவன், சாவியை மட்டும் ஏன் எட்டாத தூரத்தில் வைத்தாய்? நான் இன்னொரு தடவை கேட்பேன் என்று பார்த்தாயா? நீயாகத் தருவாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் உன் மகன் அந்தச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "இத நீங்களே வச்சுக்கோங்க மாமா. புக்ஸையும் எடுத்துக்கோங்க. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்." ஆக, நீ பயந்தபடியே நடந்துவிட்டது. உன் அலமாரி காலியாகி, எல்லாம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

வாய்விட்டுச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்: எனக்கு இந்த வீட்டில் பயமாக இருக்கிறது. இரவில்கூட அவ்வளவு இல்லை. பகலில், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, தெருவில் குக்கர் சத்தம்கூட அடங்கிவிடும்போதுதான். குளிக்கப் போனால் போனைக் கையோடு கொண்டுபோகிறேன். மேல்தட்டுக்கு ஏற ஏணி வாங்கினேன். ஏறப் பயந்து, மேல் இரண்டு தட்டுகளையும் காலியாகவே விட்டிருக்கிறேன். அலமாரி செய்த மிஸ்திரியிடம் வாசற்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். "சோர் ஆயேகா தோ?" என்று கேட்டார். திருடன் வந்தால் அவனாவது என்னைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

தாழ்ப்பாள் போயிற்று. சாவியை யாரிடம் கொடுப்பது? தாராவி வீட்டுக்காகத் தம்பி என்மேல் கேஸ் போட்டிருக்கிறான். ஆபீசில் கூட வேலை செய்தவர்களில், என் பதவி உயர்வைத் தட்டிவிட்டவர்களைக் கழித்தால் ஒருவரும் மிஞ்சவில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு சுதா மட்டும்தான். அவளோடும் நான் குடிவந்த வாரமே சண்டை போட்டாயிற்று. அவள் வீட்டு முருங்கை இலையெல்லாம் என் கீரைப் பாத்தியில்தான் கொட்டுகிறது. மத்தியானப் பள்ளியில் டீச்சர் என்பதால் காலையில் வீட்டில்தான் இருப்பாள். ஒரு நாள் வேறு வழியில்லாமல் அவள் வாசலில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "அங்கிள், மறுபடியும் முருங்கையா? வெட்டச் சொல்லியாச்சு" என்றாள். நான் சாவியை நீட்டினேன். "தனியா இருக்கேம்மா" என்றேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"தினமும் காலைல நீங்க செடிக்குத் தண்ணி விடுற சத்தம் கேக்கும்ல? அது கேக்கலன்னா வந்து திறந்து பாக்குறேன். டென்ஷன் மத் லோ, அங்கிள், கவலப்படாதீங்க."

போன வாரம் ஒரு காலை. உன் புத்தகங்களைக் கீழ்த்தட்டில் அடுக்கலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். ஒன்றைப் பிரித்தால் முதல் பக்கத்தில் என் பெயர், என் பழைய கையெழுத்து. திருட்டுப்பயலே என்று உன்னைத் திட்டிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தவன், தோட்டத்தை மறந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. சுற்றிலும் புத்தகம், நடுவில் நான்.

அப்போது பூட்டில் சாவி நுழையும் சத்தம்.

எனக்கு உயிர் போய்விட்டது. எழப் பார்த்தேன், கால் மரத்துப்போயிருந்ததால் அப்படியே சரிந்து விழுந்தேன். தரையில் கிடந்தபடியே அந்தச் சாவி திரும்புவதைக் கேட்டேன். கதவு திறந்தது. கையில் தோசைத் திருப்பியோடு சுதா நின்றாள்.

"அங்கிள்! உயிரோடதான இருக்கீங்க? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"படிச்சிக்கிட்டு இருந்தேம்மா."

"படிச்சீங்களா! அரே பாபா, அங்க என் தோச கருகிப்போச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். போகிற போக்கில் இழுத்துச் சாத்திய கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

நான் எழுந்திருக்கவில்லை. நீ கடைசியாகக் கிடந்த மாதிரியே அலமாரி ஓரமாகக் கிடந்தேன். தரையிலிருந்து கேட்கும்போது ஒரு சாவி திரும்பும் சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்காது. நீ அதைக் கேட்கவே இல்லை.

உன் சாவியை என் சாவியோடு ஒரே வளையத்தில் போட்டிருக்கிறேன். எந்தக் கதவையும் திறக்காத சாவி, சட்டைப்பையில் கனக்கிறது. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்று காலை, செடிகள் வாடத் தொடங்கிய பிறகும், குழாயைத் திறக்காமல் கொஞ்சநேரம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.