மேல் டிவிஷனின் வாக்கி-டாக்கி

ஆடி, செவ்வாய் இரவு

மேல் டிவிஷனில் இருக்கும் செட் முழுக்கக் கெடவில்லை. நாங்கள் எஸ்டேட் ஆபீஸிலிருந்து பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும். அழுத்திப் பேசும் பொத்தான்தான் உடைந்திருக்கிறது. புதியது வாங்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

"தேயிலை வெலை இருக்கிற லட்சணத்துல பொத்தான் ஒரு கேடாம்மா? நாம சொல்றது அவங்களுக்குக் கேக்குதில்ல, போதும்" என்றார் மேனேஜர்.

இன்று காலை அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வி அக்காவைக் காட்டெருமை முட்டிவிட்டது. ஜீப் வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கம்பளியில் கட்டி இரண்டு மணி நேரம் தூக்கி வந்தார்கள். அந்த நேரம் முழுவதும் இலை ஏன் வரவில்லை என்று மேனேஜர் செட்டில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"வழி பூராம் அவரு வைஞ்சதக் கேட்டுட்டேதான் வந்தோமுங்க அம்மிணி. சோம்பேறிகன்னாரு. செல்விக்கும் கேட்டுச்சு" என்றார் உடைந்த செட்டோடு கூட வந்த மேஸ்திரி.

அக்கா பிழைத்துக்கொள்வாளாம். கால் எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் பங்களாவுக்குப் போனதும் அவருடைய செட்டை மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினேன். உடைந்ததை அவர் மேசைமேல் வைத்துவிட்டு ஆபீஸைப் பூட்டினேன்.